வயர் ஜாயிண்ட் போடுவது எப்படி? முதன்முறை கை வைப்பவர்களுக்கு

நான் போட்ட முதல் ஜாயிண்ட்டை நானே பிரித்துப் பார்க்க நாலு வருடம் ஆனது. அறையில் ஹீட்டரைப் போட்டால் லைட் லேசாகத் துடிக்கும். அப்புறம் ஒருநாள் மீன் வாடை மாதிரி ஏதோ ஒரு வாடை. சுவரில் இருந்த பெட்டியின் மூடியைக் கழற்றினேன். இரண்டு செம்புக் கம்பிகளைக் கொக்கி போட்டு, நாலு முறுக்கு முறுக்கி, மேலே டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருந்தேன். அந்த டேப்பின் பசை இளகி, பெட்டிக்குள் சொட்டிக் காய்ந்திருந்தது. உரித்துப் பார்த்தால் செம்பு செம்பு நிறத்தில் இல்லை. கறுத்துச் செதில் விட்டிருந்தது. அதிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்துக்கு வயரின் உறை விறைத்துப்போய், வளைத்ததும் காய்ந்த சருகு போல நொறுங்கியது. இத்தனைக்கும் அந்த நாலு வருடத்தில் பிரேக்கர் ஒருமுறைகூட ட்ரிப் ஆகவில்லை.

அது ஏன் ஆகவில்லை என்று முதலில் பார்த்துவிடலாம். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

ஜாயிண்ட்டுக்குள் நடப்பது

2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். சரியாகப் பிடிக்காத ஒரு ஜாயிண்ட்டில் 0.2 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் அந்த இடத்தில் எவ்வளவு சூடு உண்டாகிறது என்று தெரிந்துவிடும். 8.7 × 8.7 × 0.2, அதாவது சுமார் 15 வாட். 15 வாட்டில் சின்ன சால்டரிங் அயர்னே கிடைக்கிறது. அப்படி ஒரு அயர்னை டேப்பில் சுற்றி, காற்றுப் போகாத பெட்டிக்குள் வைத்து, மணிக்கணக்கில் ஓட விட்டது போலத்தான் இது. சாதாரண பிவிசி உறை 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது.

இதில் பிரேக்கருக்கு ஒன்றும் தெரியாது. 16 ஆம்பியர் பிரேக்கர் வழியாக 8.7 ஆம்பியர்தான் போகிறது. அது ஏன் விழவேண்டும்? கசிவு மின்சாரத்தைப் பிடிக்கும் ஆர்சிடிக்கும் வேலையில்லை, ஏனென்றால் எதுவும் கசியவில்லை. ஃபேஸில் போனது முழுக்க நியூட்ரலில் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ஷார்ட் ஆனால் பிரேக்கர் காப்பாற்றும், ஆள் மேல் பாய்ந்தால் ஆர்சிடி காப்பாற்றும். லூஸ் ஜாயிண்ட்டுக்குக் காவல் என்று எந்தப் பெட்டியிலும் வழக்கமாக எதுவும் இல்லை. கம்பியின் இடைவெளியில் பாயும் மின்பொறியை (ஆர்க்கை) மோப்பம் பிடிக்கும் சிறப்புப் பிரேக்கர்கள் சில நாடுகளில் போடுகிறார்கள், ஆனால் எல்லா வீட்டிலும் கிடையாது. அவையும் வெறும் சூட்டைக் கண்டுகொள்வதில்லை.

அதே மோசமான ஜாயிண்ட்டில் 10 வாட் எல்இடி பல்பை மாட்டினால் ஓடுவது 0.04 ஆம்பியர்தான். சூடு என்று சொல்லும்படி ஒன்றுமே வராது. பல வருடம் சமத்தாக எரியும். பிறகு யாராவது அதே லைனில் ஹீட்டரைச் செருகுவார்கள். 'லைட் எரிகிறது, அதனால் ஜாயிண்ட் நன்றாக இருக்கிறது' என்று நினைக்கக்கூடாது என்பது இதனால்தான். 120 வோல்ட் நாடுகளில் இன்னும் மோசம்: அதே வாட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும், அதே ஜாயிண்ட்டில் நாலு மடங்கை நெருங்கும் சூடு.

ஒருமுறை சூடாக ஆரம்பித்த ஜாயிண்ட் தானாகச் சரியாவதும் இல்லை. சூட்டில் செம்பின் மேல் ஆக்சைடு படிகிறது, படிந்ததும் தடை கூடுகிறது, தடை கூடினால் சூடும் கூடுகிறது. ஹீட்டரைப் போடும்போது கம்பி விரியும், அணைத்தால் சுருங்கும். அந்த விரிதலும் சுருங்குதலும் முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும்.

முதலில், ஜாயிண்ட் தேவைதானா?

பாதி நேரம் தேவையில்லை. அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, ஹீட்டர், எக்ஸ்டென்ஷன் போன்றவற்றின் தொங்கும் வயர் அறுந்துவிட்டதென்றால் நடுவில் ஒட்டுப் போடாதீர்கள். பிளக் பக்கம் அறுந்திருந்தால், கெட்டுப்போன பகுதியை வெட்டிவிட்டு அந்த முனையில் புது பிளக் மாட்டலாம். நடுவில் அறுந்திருந்தால் முழு வயரையும் மாற்றுங்கள். தினமும் இழுபட்டு, மடங்கி, காலில் மிதிபடும் வயரில் எந்த ஜாயிண்ட்டும் நெடுநாள் நிற்காது.

சில வேலைகளை ஆரம்பத்திலேயே எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது: மெயின் போர்டுக்குள் உள்ளவை, மீட்டர் பக்கம், மூன்று ஃபேஸ் லைன், குளியலறை, ஏற்கெனவே கருகிய இடம். அலுமினிய வயரும் அப்படித்தான். பழைய சில வீடுகளில் உறையை உரித்தால் உள்ளே வெள்ளி நிறக் கம்பி இருக்கும். கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் செம்பு தெரிந்தால் அது தகரம் (வெள்ளீயம்) பூசிய செம்பு, பயமில்லை. அடிவரை வெள்ளியாகவே இருந்தால் அலுமினியம். காற்றுப் பட்ட கணமே அதன் மேல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம் உருவாகிவிடும், செம்பைவிட அதிகமாக விரியும், செம்போடு நேராகச் சேர்த்தால் ஈரத்தில் அரிக்கும். அதற்கென்றே தனி கனெக்டர்களும் தனி முறையும் உண்டு. முதல்முறை கை வைப்பவருக்கு வேண்டாம்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. சுவரில் ஓடும் நிலையான வயரிங்கை உரிமம் பெற்றவர் மட்டுமே தொடலாம் என்று விதி உள்ள நாடுகள் பல. ஆஸ்திரேலியாவில் வீட்டுக்காரர் தானே செய்வது சட்டப்படி குற்றம். உங்கள் இடத்தில் எதுவரை அனுமதி என்று பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.

கரண்ட் இல்லை என்று உறுதிசெய்வது

இதை நிதானமாகப் படியுங்கள். கட்டுரையின் மற்ற பகுதியில் தவறினால் ஜாயிண்ட் கெடும். இதில் தவறினால் ஆள் போய்விடுவார்.

சுவர் சுவிட்சை அணைப்பது போதாது. சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும். யாரோ ஒருவர் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலைச் சுவிட்சில் மாட்டியிருந்தால், லைட் அணைந்திருக்கும்போதும் ஹோல்டர் வரை ஃபேஸ் வந்து நிற்கும். அதனால் போர்டில் அந்த லைனின் பிரேக்கரை இறக்குங்கள். எது என்று சந்தேகம் இருந்தால் மெயினையே இறக்குங்கள். 'வேலை நடக்கிறது, போடாதீர்கள்' என்று ஒரு சீட்டை அங்கே ஒட்டுங்கள். பழைய ஃப்யூஸ் கேரியர் என்றால் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது எல்லாவற்றையும்விட நல்லது. வீட்டில் இன்வெர்ட்டரோ, பேட்டரியோடு சோலாரோ இருந்தால் அதையும் தனியாக அணைக்க வேண்டும். மெயினை இறக்கியதும் 'கரண்ட் போய்விட்டது' என்று எண்ணி இன்வெர்ட்டர் தானாக வேலையை ஆரம்பிக்கும்.

இனி சோதனை. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் நியான் டெஸ்டரை மட்டும் நம்பவேண்டாம். அது எரிவதற்கு உங்கள் உடல் வழியாகத் தரைக்கு மிகச் சிறிய மின்னோட்டம் போகவேண்டும். காய்ந்த மர ஸ்டூலில் ரப்பர் செருப்போடு நின்றால் அது மங்கலாக எரியலாம், எரியாமலும் போகலாம். வெயில் வெளிச்சத்தில் எரிவதே தெரியாது. 'எரிந்தால் கரண்ட் இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளலாம், 'எரியவில்லை, அதனால் இல்லை' என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. வயரைத் தொடாமலே பீப் அடிக்கும் பேனா வகைக்கும் இதையேதான் சொல்வேன்.

இரண்டு முனை உள்ள வோல்டேஜ் டெஸ்டரோ மல்ட்டிமீட்டரோ வேண்டும். மீட்டர் என்றால் 600 வோல்ட், கேட் 3 (CAT III என்ற பாதுகாப்புத் தரம்) என்று குறியிட்டதாகப் பாருங்கள். சிவப்பு லீட் வோல்ட் துளையில் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு லைனில் வைத்தால் அது நேரடி ஷார்ட். மீட்டரின் குமிழைத் திருப்பி ஏசி வோல்ட்டில் வையுங்கள்.

முதலில் கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு ப்ளக் பாயிண்ட்டில் மீட்டரை வைத்து, அது சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யப்போகும் வயரில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே என்று மூன்று இடத்திலும் பாருங்கள். கடைசியாக மறுபடியும் அந்தக் கரண்ட் உள்ள பாயிண்ட்டுக்குப் போய் மீட்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றாவது நடைக்குத்தான் எல்லோரும் சோம்பல் படுவார்கள். நடுவில் மீட்டரின் பேட்டரி தீர்ந்திருந்தால், லீட் உள்ளே அறுந்திருந்தால், எல்லா இடத்திலும் அது பூஜ்யம்தான் காட்டும். (மெயினையே இறக்கிவிட்டால் வீட்டில் கரண்ட் உள்ள பாயிண்ட் ஏது என்று கேட்கலாம். புது பேட்டரி ஒன்றை டிசியில் வைத்துப் பார்ப்பது மீட்டருக்கு உயிர் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். ஏசி பக்கத்தைச் சோதிக்காது. முடிந்தவரை அந்த ஒரு லைனை மட்டும் இறக்கி வேலை செய்வது இதற்கும் வசதி.)

நியூட்ரலைப் பற்றி ஒரு வார்த்தை. 'அது நியூட்ரல்தானே, அடிக்காது' என்ற நம்பிக்கை பலரை வீழ்த்தியிருக்கிறது. பழைய வயரிங்கில் வேறொரு லைனின் நியூட்ரலையும் அதே பெட்டியில் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அந்தக் கட்டைப் பிரித்த நொடியில், அந்த வேறு லைனில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் வழியாக ஃபேஸ் வந்து அறுந்த நியூட்ரல் முனையில் நிற்கும். பிரிப்பதற்கு முன் மீட்டரில் பூஜ்யம் காட்டியது, பிரித்த பிறகு 230 காட்டும். ஆகவே பிரித்ததும் இன்னொரு முறை சோதியுங்கள்.

நிறத்தையும் முழுக்க நம்பாதீர்கள். பழைய முறையில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதிய சர்வதேச முறையில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். வட அமெரிக்காவில் கறுப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், எர்த் பச்சையாகவோ வெறும் செம்பாகவோ இருக்கும். ஆக, ஓரிடத்தில் நியூட்ரலாக இருக்கும் கறுப்பு இன்னோர் இடத்தில் ஃபேஸ். இதற்கு மேல் கையில் கிடைத்த நிறத்தை வைத்து முடித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. எதையும் கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையை வீட்டில் தனியாக இருக்கும்போது செய்யவேண்டாம். இன்னொருவர் இருக்கட்டும், மெயின் எங்கே என்று அவருக்குக் காட்டி வையுங்கள். ஒருவருக்கு ஷாக் அடித்தால் அவரைத் தொடக்கூடாது, முதலில் மெயினை இறக்கவேண்டும், அப்புறம் அவசர உதவியை அழைக்கவேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

எதை வைத்து இணைப்பது

கம்பிகளை முறுக்கி டேப் சுற்றுவதை விட்டுவிடுவோம். டேப் உறை மட்டும்தான். அது எதையும் பிடித்து வைக்காது. கம்பியும் கம்பியும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு, அந்த அழுத்தம் வருடக்கணக்கில் குறையாமல் இருக்கவேண்டும். ஒவ்வொரு கனெக்டரையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும்: இதில் அழுத்தத்தைக் கொடுப்பது எது?

லீவர் கனெக்டரில் அது ஒரு ஸ்பிரிங். சின்ன நெம்புகோலைத் தூக்கி, கம்பியை உள்ளே விட்டு, அழுத்தி மூடினால் ஸ்பிரிங் கவ்விக்கொள்ளும். ஒற்றைக் கம்பியையும் பிடிக்கும், பல இழை வயரையும் பிடிக்கும். ஒன்றில் அதையும் மற்றதில் இதையும் மாட்டலாம். ஸ்பிரிங் என்பதால் சூட்டில் கம்பி விரிந்து சுருங்கினாலும் பின்தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்கும். புதிதாகக் கற்பவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். பரவலாகப் புழங்கும் வாகோ 221 வகையின் சிறிய அளவு 4 சதுர மில்லிமீட்டர் வயர் வரை, 32 ஆம்பியர் வரை தாங்கும். பெயரே இல்லாத நகல்களும் நிறையச் சுற்றுகின்றன. தரச்சான்று முத்திரையும், ஆம்பியர் அளவும் உடலிலேயே அச்சிட்டிருக்காத கனெக்டரைச் சுவருக்குள் வைக்காதீர்கள்.

நெம்புகோல் இல்லாமல் நேராகக் குத்திச் செருகும் வகையும் உண்டு. அது விறைப்பான ஒற்றைக் கம்பிக்கானது. மெல்லிய இழை வயரை அதில் குத்தினால் இழைகள் மடங்கி வெளியே நிற்கும்.

ஸ்க்ரூ வைத்த பிளாஸ்டிக் பட்டைக் கனெக்டர் எல்லோருக்கும் பழக்கமானது. அழுத்தம் கொடுப்பது ஸ்க்ரூ. தவறில்லை, ஆனால் பொறுமை வேண்டும். ஸ்க்ரூவின் நுனி மெல்லிய இழைகளை அறுத்துவிடும். அதனால் பல இழை வயருக்கு முதலில் ஃபெரூல் எனப்படும் சின்ன உலோகக் குழாயை மாட்டி அதற்கான பிளையரால் நசுக்கிவிட்டு உள்ளே விடுங்கள். இறுக்கி முடித்து இரண்டு நிமிடம் கழித்து மறுபடி இறுக்கினால் கால் சுற்றாவது கூடப் போகும், ஏனென்றால் இழைகள் உள்ளே அமர்ந்து இடம் கொடுத்திருக்கும். அந்தக் கால் சுற்றை விட்டவர்களின் ஜாயிண்ட்டுகள்தான் பின்னால் கருகுகின்றன.

வட அமெரிக்காவில் முறுக்குத் தொப்பி வகை அதிகம். கூம்பான தொப்பிக்குள் ஸ்பிரிங் சுருள் இருக்கும். கம்பிகளின் நுனியைச் சமமாக வைத்து வலப்பக்கமாக முறுக்கவேண்டும். முடித்த பிறகு தொப்பிக்கு வெளியே செம்பு துளியும் தெரியக்கூடாது. எத்தனை கம்பி, என்ன தடிமன் என்பதற்கேற்ப அளவு மாறும். பொருந்தாத அளவு நன்றாகப் பிடித்தது போலவே ஏமாற்றும்.

சால்டர் வைத்தால் இன்னும் உறுதி என்று நினைப்பவர்கள் உண்டு. மின்னணுப் பலகையில் அது சரி. வீட்டு வயரை ஸ்க்ரூவுக்குள் வைப்பதற்கு முன் நுனியில் சால்டர் பூசுவது மட்டும் கூடவே கூடாது. சால்டர் மென்மையானது, ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளாக நாளாக நெகிழ்ந்து விலகிவிடும், அப்புறம் லூஸ். ஈயமும் தகரமும் கலந்த வழக்கமான சால்டர் 183 டிகிரியிலேயே உருகும். கருகும் ஜாயிண்ட் ஒன்று அந்தச் சூட்டை எட்டுவது பெரிய விஷயமில்லை.

ஒரு ஜாயிண்ட், தொடக்கம் முதல் முடிவு வரை

லீவர் கனெக்டரில் ஒன்று போட்டுப் பார்க்கலாம். முதல் தடவை சுவரில் வேண்டாம். இரண்டு துண்டு வயரை மேசையில் வைத்துக்கொண்டு பத்து முறை செய்யுங்கள்.

கெட்டுப்போன பகுதியை முதலில் வெட்டி எறியுங்கள். உறை விறைத்தோ நிறம் மாறியோ இருந்தால், மெத்தென்று வளையும் உறையும் பளபளக்கும் செம்பும் தெரியும் இடம் வரை வெட்டவேண்டும். வெட்டினால் வயர் குட்டையாகிவிடுமே என்ற கவலையில்தான் பலர் கருகிய செம்பிலேயே மறுபடி முறுக்குகிறார்கள். குட்டையானால் அதே தடிமனில் ஒரு துண்டு வயரைச் சேர்த்து, இரண்டு கனெக்டர் போடுங்கள். இழுத்துப் பிடித்து மாட்டாதீர்கள்.

தடிமன் விஷயத்தில் விட்டுக்கொடுக்கக்கூடாது. பிரேக்கர் பாதுகாப்பது வயரை. 230 வோல்ட் வயரிங்கில் 2.5 சதுர மில்லிமீட்டர் லைனுக்குப் பொதுவாக 16 அல்லது 20 ஆம்பியர் பிரேக்கர் இருக்கும். அதன் நடுவில் 0.75 வயரை ஒரு சாண் சேர்த்தாலும், அந்த ஒரு சாண் மட்டும் தாங்காமல் சூடாகும், பிரேக்கர் பார்த்துக்கொண்டிருக்கும்.

அடுத்து உறையை உரிப்பது. எவ்வளவு உரிக்கவேண்டும் என்பது கனெக்டரின் பக்கவாட்டிலேயே கோடாக அச்சிட்டிருக்கும். வாகோ 221-இல் அது 11 மில்லிமீட்டர். கனெக்டரை வயர் மேல் வைத்து நகத்தால் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். குறைவாக உரித்தால் ஸ்பிரிங் உறையைக் கவ்வும், கூடுதலாக உரித்தால் வெறும் செம்பு வெளியே நிற்கும். பல்லால் கடித்து உரிப்பதும், பிளேடால் சுற்றி அறுப்பதும் வேண்டாம். ஸ்ட்ரிப்பர் என்ற கருவி பெரிய செலவில்லை. அதில் வயரின் அளவுக்கான துளையில் வைத்து அழுத்தி, நேராக இழுக்கவேண்டும்.

உரித்ததும் செம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒற்றைக் கம்பியில் வட்டமாக ஒரு கீறல் தெரிந்தால், அதை விரலால் இரண்டு முறை வளையுங்கள். அந்தக் கீறலிலேயே ஒடியும். பல இழை வயரில் எண்ணிப் பார்க்க வேண்டும். நெகிழ்வான 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் வழக்கமாக 30 இழைகள் இருக்கும். உரிக்கும்போது ஐந்து அறுந்தால், ஆறில் ஒரு பங்கு வயரைத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்று பொருள். நுனியை வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள். இதற்காகத்தான் பெட்டிக்குள் ஒரு சாணாவது கூடுதல் வயர் விட்டு வைப்பார்கள்.

இழைகளை விரலால் லேசாக முறுக்கி ஒன்றுசேருங்கள். நெம்புகோலை முழுக்கத் தூக்குங்கள், அது நேராக நிற்கும். வயரை உள்ளே தள்ளி, முட்டும்வரை விட்டு, அப்படியே பிடித்துக்கொண்டு நெம்புகோலை அழுத்துங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். கண்ணாடி போன்ற உடல் வழியாகப் பார்த்தால் செம்பின் நுனி உலோகப் பட்டையைத் தாண்டி நிற்பது தெரியவேண்டும். நுழையும் வாயில் செம்பு தெரியக்கூடாது, ஓர் இழைகூட வெளியே மடங்கியிருக்கக்கூடாது.

இனி இழுங்கள். ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக, கனெக்டரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஷூ லேஸை இறுக்கும் அளவு பலத்தோடு. வரக்கூடாது. வந்தால் சந்தோஷப்படுங்கள், கையில் வந்தது, இல்லாவிட்டால் சுவருக்குள் வந்திருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துப் பார்ப்பதில் பயனில்லை, நன்றாக மாட்டிய வயர் சரியாக மாட்டாததையும் காப்பாற்றிவிடும்.

எர்த்தை முதலில் இணைத்துவிடும் பழக்கம் நல்லது. அதை மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். என்றாவது வயர் பிடித்து இழுக்கப்பட்டால் ஃபேஸ்தான் முதலில் பிய்ந்து வரவேண்டும், எர்த் கடைசியில். 'எர்த் இல்லாமலும் ஓடுகிறதே' என்று அதைச் சுருட்டி மூலையில் வைத்துவிடுபவர்களிடம் ஒன்றுதான் கேட்கத் தோன்றும்: உலோக உடலுக்குக் கரண்ட் பாய்ந்தால் அது தரைக்குப் போக வேறு எந்த வழி இருக்கிறது? தொட்டுக்கொண்டிருப்பவரின் உடல்தான்.

குறைந்த மின்னழுத்த வேலையில், அதாவது 12 வோல்ட் எல்இடி பட்டை மாதிரி இடங்களில், சால்டர் வைத்து மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் உறை) போடுவது வழக்கம். இரண்டு வயரின் ஜாயிண்ட்டையும் ஒன்றுக்கொன்று நேராக வைக்காமல் மூன்று நாலு சென்டிமீட்டர் தள்ளித் தள்ளிப் போட்டால், உறை கிழிந்தாலும் ஒன்றையொன்று தொடாது. குழாயை ஜாயிண்ட்டுக்கு முன்பே வயரில் கோத்து, சூடு படாத தூரத்துக்குத் தள்ளி வைக்கவேண்டும். அழகாகச் சால்டர் வைத்து, ஊதி ஆறவிட்டு, நிமிர்ந்து பார்த்தால் குழாய் மேசையிலேயே கிடக்கும். இது எனக்கு எத்தனை முறை நடந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதற்காக அலட்சியமும் வேண்டாம்: 60 வாட் பட்டை 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கிறது, சூடு ஆம்பியரைத்தான் பார்க்கும்.

பெட்டியும் மூடியும்

எவ்வளவு நல்ல ஜாயிண்ட்டாக இருந்தாலும் அது ஒரு பெட்டிக்குள் இருக்கவேண்டும், அந்தப் பெட்டிக்கு மூடி இருக்கவேண்டும், அந்த மூடி கழற்றும்படி வெளியே தெரியவேண்டும். பூச்சுக்குள் புதைத்த ஜாயிண்ட்டைப் பின்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பொய்க்கூரைக்கு மேலே வெறுமனே தொங்கவிடுவதும் கூடாது. சூடானால் பக்கத்தில் பற்றிக்கொள்ளும் பொருள் இருக்கும்.

பெட்டியில் வயர் நுழையும் இடத்தில் கிளாம்ப் போட்டு வெளியுறையைப் பிடித்துக்கொள்ளச் செய்யுங்கள். இழுவை வெளியுறையிலேயே நின்றுவிட வேண்டும், கனெக்டர் வரை வரக்கூடாது. வெளியுறை பெட்டிக்குள் ஒரு சென்டிமீட்டராவது நுழைந்திருக்கட்டும். மூடியை அமுக்கிப் பிடித்தால்தான் ஸ்க்ரூ ஏறுகிறது என்றால் பெட்டி சின்னது, பெரியதாக மாற்றுங்கள். வெளியில், மழைபடும் இடத்தில் என்றால் இந்தச் சாதாரணப் பெட்டி உதவாது. நீர் புகாத பெட்டியும், ஜெல் நிரப்பிய உறையும் என்று அது தனி வேலை.

கரண்ட் கொடுத்த பிறகு

மூடியைப் போடும் முன், பிரேக்கர் இறங்கியிருக்கும்போதே, மீட்டரை பீப் அடிக்கும் கண்டினியூட்டி பக்கம் வைத்து மூன்று சோதனைகள். அந்த லைனில் உள்ள எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றி, பல்புகளையும் எடுத்துவிட்டு, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வையுங்கள். பீப் அடித்தால் எங்கோ ஷார்ட். பிறகு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அதேபோல. அடுத்து, ஜாயிண்ட்டின் இந்தப் பக்க எர்த்துக்கும் அந்தப் பக்க எர்த்துக்கும் நடுவே. இங்கே பீப் அடிக்கவேண்டும். சாதாரண மீட்டரால் 0.2 ஓமை நம்பிக்கையாகக் காட்ட முடியாது, அதன் லீட்டுகளுக்கே கிட்டத்தட்ட அவ்வளவு தடை உண்டு. ஆகவே பீப் அடித்துவிட்டது, ஜாயிண்ட் பிரமாதம் என்று முடிவு கட்டிவிடக்கூடாது.

மூடியைப் போட்டு ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, பிரேக்கரை ஏற்றுங்கள். உடனே விழுந்தால் மறுபடி மறுபடி ஏற்றிப் பார்க்காதீர்கள். விழுந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆர்சிடி இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனையும் ஒருமுறை அழுத்துங்கள்.

அப்புறம் அந்த லைனில் அதன் அளவுக்குள் அடங்கும் பெரிய லோடு ஒன்றை, ஹீட்டரோ அயர்ன் பாக்ஸோ, அரைமணி நேரம் ஓட விடுங்கள். லைட் லைன் என்றால் அதில் உள்ள எல்லா லைட்டையும் போடுங்கள். உஸ் என்ற சத்தமோ வாடையோ வந்தால் உடனே அணையுங்கள். அரைமணி கழித்து பிரேக்கரை இறக்கிவிட்டு, மூடி மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுவரின் சூடும் மூடியின் சூடும் ஒன்றாக இருக்கவேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் மறுபடி மீட்டரில் சோதித்துவிட்டுத் திறந்து, எந்த வயர் சூடாக இருக்கிறதோ அதை மறுபடி உரித்து மாட்டவேண்டியதுதான்.

என் பழைய பெட்டிக்கு வருகிறேன். கருகியதை வெட்டியதில் இரண்டு வயரும் குட்டையாகிவிட்டன. நடுவில் ஒரு துண்டு சேர்த்து இரண்டு கனெக்டர் ஆயிற்று, பெட்டியையும் ஓர் அளவு பெரியதாக மாற்ற வேண்டியிருந்தது. முழுசாக ஒரு மாலை போயிற்று. மூடியின் உட்புறத்தில் தேதியையும் எந்த பிரேக்கர் என்பதையும் மார்க்கரால் எழுதி வைத்தேன். ஒரு வாரம் கழித்து மெயினை இறக்கி, மூடியைக் கழற்றி, கனெக்டர்களில் நுழையும் நாலு முனையையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.